கையடித்துக் கொடுத்த ரவுண்ட்

ஃபஸ்லான் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டான் என்பதைக் கல்பிட்டிக் கடைத்தெரு ஆளுக்கொரு விதமாக விளங்கிக்கொண்டது. பள்ளிவாசல் மௌலவி அதைத் தௌபா, பாவத்திலிருந்து மனம் திரும்புதல், என்றார். முகத்தில் குத்துகிற விளையாட்டை விட்டதும் பிள்ளையின் மனம் இளகிவிட்டதாம். குத்துச்சண்டைக் கழகத்து நளீம் மாஸ்டர் அதை ஒழுக்கம் என்றார். ரிங்கில் பழகியவன் வெளியே யாரோடும் மல்லுக்கு நிற்கமாட்டானாம். எதிர்க்கடைக்காரர்கள் அதில் ஏதோ தந்திரம் இருக்கிறதென்று பயந்து, சில நாட்கள் தங்கள் கடைகளிலும் விலையை இறக்கிப் பார்த்தார்கள். அவனுடைய வாப்பா மஸாஹிர் ஹாஜியாருக்கோ அது வெளியில் சொல்ல முடியாத அவமானம்.

மஸாஹிரின் கடையில் வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு, எஞ்சின் எண்ணெய் எல்லாம் கிடைக்கும். விலை மட்டும் எதிலும் எழுதியிருக்காது. விலை என்பது இரண்டு பேர் சேர்ந்து கண்டுபிடிக்கிற விஷயம் என்பது அவருடைய எண்ணம். அவர் ஒன்று சொல்வார், வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், தேநீர் வரும், வந்தவர் எழுந்து வாசல்வரை போவார், கூப்பிடப்படுவார். கடைசியில் ஒரு கை நீளும், மற்றக் கை அதன்மேல் பட்டென்று விழும். அதற்குக் கையடி என்று பெயர். கையடித்தபின் விலை மாறாது. ஒருமுறை நோன்பு நேரத்துக் களைப்பில் நைலோன் கயிற்றுச் சுருள் ஒன்றுக்கு அவர் கொள்முதலுக்கும் கீழே வாய் தவறிச் சொல்லிவிட, முகத்துவாரத்து மீனவன் ஒருவன் பாய்ந்து கையடித்துவிட்டான். மஸாஹிர் கயிற்றைக் கொடுத்ததோடு, அதைத் தூக்கி அவனுடைய ஆட்டோவிலும் வைத்துவிட்டார். அந்தக் கதை உடப்பு வரைக்கும் போய், அந்த நட்டத்தைப்போலப் பல மடங்கு வியாபாரத்தைக் கொண்டுவந்து சேர்த்தது.

ஃபஸ்லான் இந்தக் கடையில் பேச்சுப் பழகியவன். வாப்பாவைவிடக் கெட்டிக்காரன். வாப்பா பேரம் பேசினால் வாங்கியவர் தோற்றுப்போய்ப் போவார். மகன் பேசினால் வாங்கியவர் தான் வென்றதாக நினைத்துக்கொண்டு போவார். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்குக் குத்துச்சண்டையும் இருந்தது. பழைய ஐஸ் தொழிற்சாலைக் கொட்டிலில் நளீம் மாஸ்டர் மணல் மூட்டையைத் தொங்கவிட்டுப் பொடியன்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்து மாவட்டம், மாகாணம், பிறகு கொழும்பு என்று அவன் போனான். வீட்டு அலுமாரிக்கு மேலே கிண்ணங்கள் நின்றன.

கொழும்பில் அவன் கடைசியாக ஆடிய சண்டையில் வென்றது அவன்தான். அடி வாங்கியதும் அவன்தான். மத்தியஸ்தர் கையை உயர்த்தியபோது எந்தப் பக்கம் பார்த்துச் சிரிப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து வெளிச்சம் கூடாதென்று யன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தான். மனைவி ஜுமானா தலைமாட்டில் இருந்து, இனிப் போகவேண்டாம் என்று அழுதாள். "சரி" என்றான். இவ்வளவு லேசாகச் சம்மதிப்பான் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் எல்லாவற்றுக்கும் சரி சொன்னான்.

உடப்பிலிருந்து சின்னாச்சி வந்த நாளில்தான் மஸாஹிருக்கு முதலில் உறைத்தது. சின்னாச்சிக்கு இரண்டு படகும் நான்கு ஆண்மக்களும் உண்டு. ஆனால் வலை வாங்குவது என்றால் அவளேதான் பஸ் ஏறி வருவாள். ஃபஸ்லானோடு ஒரு மணித்தியாலம் சண்டை பிடிப்பதற்காகவே வருகிறாள் என்று அவளுடைய மக்கள் சொல்வார்கள்.

"தம்பி, இந்த வலை என்ன விலை?"

ஃபஸ்லான் சொன்னான்.

"அடி ஆத்தே! வலைக்கா, வள்ளத்துக்கா? பாதி தாறன்."

"சரி அக்கா."

சின்னாச்சி அவனைப் பார்த்தாள். "என்ன சரி?"

"பாதி தாங்க."

"ஏன், வலையில ஓட்டையா?"

"இல்ல அக்கா."

"அப்ப என்ன, நான் பிச்சைக்கு வந்தவள் எண்டு நினைச்சியா? எங்கட ஊர்ச் சனம் உனக்கு அவ்வளவுக்குக் கேவலமாப் போச்சோ?" அவள் வலையைத் தூக்கி மேசைமேல் போட்டாள். "முதலாளி! உங்கட மகன் என்னோட கதைக்க விரும்பல்ல எண்டா நேர சொல்லச் சொல்லுங்க. நான் சிலாபத்துல வாங்கிக்கொள்றன்."

மஸாஹிர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். மகனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி, விலையை மறுபடி மேலே ஏற்றி, அவளோடு முறையாகச் சண்டை பிடித்து, பாதிக்கு நன்றாக மேலே கொண்டுபோய்க் கையடித்தார். கூடுதலாகக் கொடுத்த சின்னாச்சி மனம் குளிர்ந்துபோய் பஸ் ஏறினாள். ஃபஸ்லான் கதிரையில் இருந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான், தெரியாத பாஷையில் நாடகம் பார்க்கிறவனைப்போல.

வீட்டில் ஜுமானாவுக்கு அந்த மாதங்கள் வேறு மாதிரி இருந்தன. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் எலியும் பூனையும். அவன் பயிற்சிக்குப் போவது, பச்சை முட்டை குடிப்பது, வீங்கிய கண்ணோடு அவளுடைய தங்கச்சி கலியாணத்துக்கு வந்து நின்றது, எல்லாவற்றுக்கும் சண்டை. இப்போது அவன் சோற்றில் உப்பில்லை என்று சொல்வதில்லை. உம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றால் போய்விட்டு வாருங்கள் என்கிறான். மாலையில் அவளுக்குப் பக்கத்தில் சும்மா இருக்கிறான். அவள் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் செய்தாள். கேட்டவர்களிடமெல்லாம், "இப்பதான் நான் கலியாணம் முடிச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

ஒரு நாள், பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரத்திலுள்ள பாலாவிச் சந்தியிலிருந்து தெரிந்த பஸ் நடத்துநர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஃபஸ்லான் அங்கே காலையிலிருந்து நிற்கிறானாம், எந்த பஸ்ஸில் ஏறுவதென்று கேட்டால் சிரிக்கிறானாம். பாண் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவன் அவன்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் காட்டி, கொழும்புக்கு அனுப்பி, தலையைப் படமெடுத்த பிறகு டொக்டர் மஸாஹிரையும் ஜுமானாவையும் இருத்திவைத்துச் சொன்னார். பல காலமாக வாங்கிய அடிகள் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. போனது திரும்பாது. இருப்பதையாவது காப்பாற்றலாம். இனித் தலையில் ஓர் அடியும் படக்கூடாது, சின்ன அடியும்.

மஸாஹிருக்கு எந்த விலையையும் ஒரு தடவையாவது தட்டிப் பார்க்காமல் விட முடியாது. "தலைக்கு அந்தக் கவசம் போட்டா, டொக்டர்?"

"தயிர்ச்சட்டியைத் துணியால சுத்திக்கொண்டு குலுக்கிப் பாருங்க. சட்டி உடையாது. உள்ளுக்குத் தயிர் என்ன ஆகும்?"

திரும்பி வரும் வழியில் ஜுமானா வாடகை வானின் யன்னலோடு தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். முகத்திரையைப் போட்டிருந்ததால் அவள் அழுதது யாருக்கும் தெரியவில்லை. தன்னுடைய சந்தோசமான மாதங்களை அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உப்பைப் பற்றிச் சொல்லாதது அன்பினால் அல்ல. உப்பு இருந்ததா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் நளீம் மாஸ்டருடைய புது ரிங் வந்தது. வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து அனுப்பிய காசில், குறிஞ்சிப்பிட்டி மைதானத்தில் அதைத் திறந்துவைக்க ஏற்பாடு. திறப்பு நாளில் ஃபஸ்லானும் சிலாபத்து இளம் வீரன் தினுஷனும் மூன்று ரவுண்ட் காட்சிச் சண்டை போடுவார்கள் என்று அவர் சுவரொட்டியும் அடித்துவிட்டார். ஃபஸ்லானிடம் கேட்டிருந்தார். அவன் சரி சொல்லியிருந்தான்.

சுவரொட்டியைப் பார்த்துவிட்டு மௌலவி கடைக்கு வந்தார். மாஸ்டர் அங்கே கயிறு வாங்கிக்கொண்டிருந்தார். பிறகென்ன.

"முகத்துல அடிக்கிறதுக்கு மார்க்கத்துல தடை இருக்கு மாஸ்டர். மனிசன்ட முகத்தை உடைக்கிறதைக் கைதட்டிப் பார்க்கிறது ஒரு விளையாட்டா?"

"மதரஸாவுல உங்கட உஸ்தாத்மார் பிள்ளையள எங்க அடிக்கிற, முழங்கால்லயா?"

தெருவில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மௌலவியும் பாதி சிரித்துவிட்டு, "அதுவும் தப்புத்தான்" என்றார். "ஒரு தப்பு மத்தத் தப்புக்குச் சாட்சி சொல்லாது."

"சரி, நான் கொட்டிலைப் பூட்டுறன். பின்னேரத்துல இந்தப் பொடியன்களை நீங்க பார்த்துக்கொள்ளுங்க. கடற்கரையில எவன் எவன் என்ன பொதியைத் தூக்கக் கூப்பிடுறான் எண்டு உங்களுக்குத் தெரியாதா? என்னிட்ட வந்தவன்ல ரெண்டு பேர் பொலிஸ், நாலு பேர் ஆமி. வராதவன் எங்க எண்டு கேளுங்க. மூக்கு உடைஞ்சா ஒட்டலாம் மௌலவி. தூள் அடிச்சவனை என்னத்தால ஒட்டுற?"

இருவரும் மஸாஹிரைப் பார்த்தார்கள். அவர் சொன்னது இரண்டு பேருக்கும் பதிலாக இல்லை. டொக்டர் சொன்னதை மட்டும் சொன்னார். மாஸ்டர் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியாது ஹாஜியார். அல்லாஹ் அறிய எனக்குத் தெரியாது. கொழும்புல ரெண்டாவது ரவுண்டுலயே துண்டை எறிஞ்சு சண்டையை நிப்பாட்டியிருக்கணும். வெல்றான் எண்டு விட்டுட்டன்." பிறகு, "சுவரொட்டியைக் கிழிச்சிர்றன். ஆனா அவன்ட்ட நீங்கதான் சொல்லணும். ஒவ்வொரு நாளும் வந்து ரிங்கைத் தடவிப் பார்த்துட்டுப் போறான்."

சொல்வதில் என்ன கஷ்டம் என்று மஸாஹிர் நினைத்தார். எதைச் சொன்னாலும் சரி என்கிறவன்தானே.

அன்று நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து, கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, மகனைப் பக்கத்தில் இருத்தினார். ஜுமானா இருவருக்கும் சாப்பாடு கொண்டுவந்து உள்ளறையில் பீங்கான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"மகன், அந்தச் சண்டை வேணாம். மாஸ்டர்ட்டயும் சொல்லிட்டன்."

"ஏலா" என்றான் ஃபஸ்லான்.

மஸாஹிருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்ன?"

"ஏலா வாப்பா. மூணு ரவுண்ட் போடத்தான் போறன்."

"மூணும் இல்ல, ஒண்டும் இல்ல."

"ஒண்டும் இல்லாட்டி நான் வெறுங்கையோட போறதா?" ஃபஸ்லானின் உதடு இடப்பக்கமாக லேசாகக் கோணியது. அந்தக் கோணலை அவர் எவ்வளவோ காலமாகப் பார்த்திருக்கவில்லை. "வந்த மனிசனுக்கு ஏதாவது சொல்லுங்க ஹாஜியார்."

மஸாஹிர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார். "தர ஒண்டும் இல்ல எண்டு சொல்றன்."

"உங்கட முகத்துக்காக இறங்கிறன். ரெண்டரை."

"ரவுண்டுல எங்க மகன் அரை?"

"வெட்டிக் குடுங்க. கயிறு வெட்டுறதில்லையா?"

மஸாஹிர் சிரித்துவிட்டார். சிரிக்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டேதான் சிரித்தார். உள்ளறையில் பீங்கான் சத்தம் நின்றது. ஜுமானாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய புருசன் கதைத்துக்கொண்டிருந்தான். அடக்கமாகத் தலையாட்டுகிற அந்த நல்ல மனிதன் இல்லை, அவளோடு நாளெல்லாம் சண்டை பிடித்த பழைய ஆள்.

ஃபஸ்லான் எழுந்தான். வாசல்வரை நடந்தான். அங்கே நின்று, வெளியே தெருவைக் கடந்துகொண்டிருந்த கழுதையைப் பார்த்தபடி, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னான்: "ரெண்டு. அதுக்குக் கீழ எனக்குக் கட்டாது. எனக்கும் வீட்டுல பொண்டாட்டி இருக்கா."

வாசல்வரை போனவரைக் கூப்பிடாமல் விடுவது மஸாஹிரின் ஆயுளில் நடந்ததில்லை. அவருடைய வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"ரெண்டா! நல்ல கதை. ஒண்டு எண்டாலாவது ..."

அந்தச் சொல் முடியுமுன் ஃபஸ்லான் திரும்பி வந்துவிட்டான். மஸாஹிரின் கை மேசைமேல் கிடந்தது. மகனுடைய கை அதன்மேல் பட்டென்று விழுந்தது.

"மாமா!" என்று ஜுமானா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். பிந்திவிட்டது.

ஃபஸ்லான் வென்றவனுடைய சிரிப்போடு கை கழுவப் போனான். அவள் மாமனாரின் முன்னால் நின்றாள்.

"திருப்பி எடுங்க மாமா. இப்பவே கூப்பிட்டு இல்ல எண்டு சொல்லுங்க."

"கையடிச்சாச்சு மகள்."

"இது என்ன, நைலோன் கயிறா?"

"நீங்க கேட்டீங்கதானே? எப்பிடிக் கதைச்சான்! அந்த மூளை உள்ளுக்கு இருக்கு மகள். இப்ப நான் சொல்லை மாத்தினா அவன் திரும்ப வாய் திறப்பானா? என்னோட பேரம் பேசி வெண்டவனை நான் எப்பிடி ஏமாத்துற?" அவருடைய குரல் கெஞ்சியது. "ஒரு ரவுண்டுதானே. மூணு நிமிசம். அந்தப் பொடியன்ட்ட நான் சொல்றன், தலையைத் தொடாத எண்டு."

அவள் வாதாடினாள், அழுதாள். இரவு ஃபஸ்லானிடமும் கெஞ்சினாள். அவன் எல்லாவற்றுக்கும் சரி என்றான், சண்டையை விடு என்பதைத் தவிர. நளீம் மாஸ்டர் முதலில் முடியாது என்றுதான் சொன்னார். மஸாஹிர் அவரோடும் பேரம் பேசினார்: ஒரு ரவுண்ட், பெரிய மெத்தைக் கையுறை, தலைக்கவசம், மத்தியஸ்தராக மாஸ்டரே நிற்பது, தலைக்கு அடி இல்லை. அவருடைய வாழ்க்கையில் மிகத் திறமையாகப் பேசிய பேரம் அதுவாகத்தான் இருக்கும். மாஸ்டர் களைத்துப்போய்க் கை நீட்டினார்.

திறப்பு விழா பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்தது. கடற்காற்று மைதானத்துக் கொடிகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. காற்றாடிப் பலகையில் கடலில் சறுக்க வந்திருந்த வெள்ளைக்காரர் சிலரும் கெமராவோடு நின்றார்கள். தினுஷன் நல்ல பிள்ளை. சண்டைக்கு முன் மஸாஹிரிடம் வந்து, "பயப்படாதீங்க ஹாஜியார், அண்ணன்ட தலைக்குக் கிட்டவும் போகமாட்டன்" என்றான். பெண்களுக்கென்று போட்டிருந்த கதிரைகளில், முன்வரிசையில் ஜுமானா இருந்தாள். வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள்.

மணி அடித்ததும் ஃபஸ்லானின் கால்கள் முதலில் ஞாபகத்துக்கு வந்தன. பிறகு தோள்கள். பாண் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்த் தொலைந்த மனிதன் அந்தக் கயிறுகளுக்குள் எந்த மூலை எங்கே என்று தெரிந்து நடந்தான். தினுஷனின் விலாவில் இரண்டு குத்து விட்டுவிட்டு விலகிய அழகில் ஊர் எழுந்து நின்றது. மௌலவிகூட மைதானத்து மதில் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மஸாஹிர் தன்னை மறந்து கத்தினார். தினுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, கையை மடக்கி வைத்துக்கொண்டு, வாங்கிக்கொண்டே பின்னால் போனான். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. "ஏய் சிலாபம், நித்திரையா? அடிடா!" என்று எவனோ கத்தினான்.

கூட்டம் கத்தியதால் அது நடக்கவில்லை. மூலையில் அகப்பட்டு, மூக்கில் ஒன்று வாங்கியபோது, ஆண்டுக்கணக்காகப் பழக்கிவைத்த ஒரு கை தினுஷனைக் கேட்காமலே வெளியே போனது. அவ்வளவுதான். பலமான அடி என்று பார்த்தவர்கள் யாரும் சொல்லவில்லை. கவசத்தின் பக்கவாட்டில், மெத்தையில் தட்டியதுபோல ஒரு சத்தம். ஃபஸ்லான் விழவில்லை. மாஸ்டர் பாய்ந்து இருவருக்கும் நடுவில் வந்தார். மணி அடித்தது.

ஃபஸ்லான் நடந்துபோய்த் தினுஷனுடைய மூலையில், தினுஷனுடைய முக்காலியில் அமர்ந்தான்.

சிலர் சிரித்தார்கள். மஸாஹிர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு கயிற்றுக்கிடையால் ஏறிப் போனார். சந்தோசத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"முடிஞ்சு மகன். பேசினபடி ஒண்டு. வாங்க போவம்."

ஃபஸ்லான் அவரை ஏறிட்டுப் பார்த்தான். ஒரு கண்ணின் இமை மற்றதைவிடக் கீழே இறங்கியிருந்தது.

"என்ன பேசின, வாப்பா?"

"கடையில. ஒரு ரவுண்டுக்குக் கையடிச்சமே."

"எந்தக் கடை?"

மஸாஹிர் அவனுடைய முகத்தில் அந்தக் கோணல் சிரிப்பைத் தேடினார். பகிடி விடுகிறான் என்று நினைக்க அவர் எவ்வளவோ முயன்றார். ஃபஸ்லான் மரியாதையாக, பதிலுக்காகக் காத்திருந்தான். பிறகு எழுந்து, ரிங்கின் நடுவுக்கு வந்து, கைகளை உயர்த்தி, இல்லாத இரண்டாவது ரவுண்டுக்காக நின்றான். நளீம் மாஸ்டர் மணிக்காரனைப் பார்த்து வேண்டாம் என்று கை காட்டினார். கொடிகள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தன.

ஜுமானா அபாயாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படியேறினாள். ஆண்கள் வழிவிட்டார்கள். அவள் அவனுடைய கையுறைகளை மெல்லக் கீழே இறக்கினாள்.

புத்தளம் ஆஸ்பத்திரிக்கு மாஸ்டரின் வானில் போனார்கள். ஊரைத் தாண்டுவதற்குள் ஃபஸ்லான் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். ஜுமானா தன்னுடைய சால்வையால் துடைத்து, அவனுடைய தலை குலுங்காமல் மடியில் அணைத்துப் பிடித்திருந்தாள். மஸாஹிர் முன் ஆசனத்திலிருந்து திரும்பித் திரும்பி, "மகன், ஏதாவது கதைங்க. மகன்" என்றபடி வந்தார்.

"அவரை விடுங்க மாமா."

"அவன் கேட்டதத்தான் மகள் நான் குடுத்தன்."

"அவர் கேட்டது அவருக்கே ஞாபகமில்ல." அவள் கத்தவில்லை. மடியில் இருந்த தலைக்காகக் குரலைத் தாழ்த்தியே பேசினாள். "டொக்டர் சொன்னாரே, இருக்கிறதைக் காப்பாத்தலாம் எண்டு. அந்த இருந்த கொஞ்சம் உங்களுக்குச் சொந்தம் இல்ல மாமா, என்ட. என்ட்ட ஒரு சொல் கேட்டீங்களா?"

மஸாஹிர் முன்பக்கம் திரும்பி வீதியைப் பார்த்தார்.

பாலாவிச் சந்தியில் வான் புத்தளம் பக்கம் திரும்பியது. உப்பளங்களில் மாலை வெயில் கண்ணைக் கூசவைத்தது. ஃபஸ்லான் கண்ணைத் திறந்தான்.

"நாங்க எங்க போறோம்?"

"வீட்டுக்கு" என்றாள் ஜுமானா.

வெளிச்சம் படாமல் அவனுடைய கண்களைத் தன் கையால் மூடினாள்.